மறுக்கப் போனவர் கண்டுபிடித்தது



விமர்சனச் சிந்தனை பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். கேள்வி கேளுங்கள், ஆதாரம் பாருங்கள், அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள் என்று அறிவுரைகளை அடுக்கிவிட்டு அரை மணி நேரத்தில் நான் இறங்கிவிடலாம். அவை எல்லாம் சரியான அறிவுரைகளே. ஆனாலும் கேட்டு முடித்தவுடன் கைக்கு ஒன்றும் அகப்படாது. அதனால் ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதில் சம்பந்தப்பட்டவர்கள் எப்படி யோசித்தார்கள், எங்கே சறுக்கினார்கள், எதைக் கண்டு மனம் மாறினார்கள் என்று விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். பொது சுகாதாரம் படிக்கிற மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லப்படுகிற கதை இது. அதில் பாதியைத்தான் சொல்லித் தருகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

முதலில், எல்லோருக்கும் தெரிந்த பாதி. 1854 ஆகஸ்ட் 31 இரவு, லண்டன் நகரத்தின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பிராட் தெரு என்ற தெருவைச் சுற்றி 250 கஜத்துக்குள் பத்தே நாளில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், அந்தத் தெருவின் பொதுக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றார். கிணற்றின் பம்புக் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார். செப்டம்பர் 8 அன்று கழற்றினார்கள். நோய் நின்றது. சாவு நடந்த வீடுகளையெல்லாம் ஸ்நோ ஒரு வரைபடத்தில் குறித்தார். உண்மை பளிச்சென்று தெரிந்தது. கதை முடிந்தது.

இந்த வடிவத்தில் சொன்னால் ஸ்நோவே ஒத்துக்கொள்ள மாட்டார். கைப்பிடியைக் கழற்றும் முன்பே சாவு எண்ணிக்கை வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது, ஏனெனில் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். வரைபடமும் பிற்பாடு வரைந்தது. தான் ஏற்கெனவே கண்டதைப் பிறருக்குக் காட்டுவதற்காக வரைந்தது. தன் வாதத்துக்கு மிகவும் சாதகமான ஒரு செய்தியைத் தானே பலவீனப்படுத்தி எழுதிய அந்த நேர்மையை நாம் பாடப்புத்தகத்திலிருந்து நீக்கிவிட்டு, ஒரு மேதை, ஒரு வரைபடம், ஒரு கைப்பிடி என்று சுருக்கிவிட்டோம்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஊரே தவறு, ஒருவர் மட்டும் சரி என்ற கதை இளைஞர்களுக்குப் பிடித்துப் போகிறது. தடுப்பூசியை மறுக்கிறவரும் தன்னை ஸ்நோவாகத்தான் நினைத்துக்கொள்கிறார். தன்னை எல்லோரும் எதிர்ப்பதே தான் சரி என்பதற்குச் சான்று என்று அவர் நம்புகிறார். எதிர்ப்பவரெல்லாம் ஸ்நோ ஆகிவிட முடியாது. ஸ்நோ செய்த வேலையைச் செய்திருக்க வேண்டும்.

அந்த வேலை என்ன? அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோர் காலரா காற்றால் வருகிறது என்று நம்பினார்கள். அழுகிய பொருள்களிலிருந்து கிளம்பும் கெட்ட காற்று, மியாஸ்மா என்று அதற்குப் பெயர். இவர்களை அறிவில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாற்றம் அடிக்கிற சேரிகளில்தான் காலரா அதிகம் கொன்றது; அதை எல்லோரும் கண்ணால் கண்டார்கள். அரசின் பிறப்பு இறப்புப் பதிவகத்தில் புள்ளிவிவரங்களைத் தொகுத்த வில்லியம் ஃபார், 1849ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின் கணக்கை எடுத்து, தேம்ஸ் ஆற்று மட்டத்திலிருந்து உயரம் கூடக் கூடக் காலராச் சாவு குறைகிறது என்று காட்டினார். கணக்கு மிக அழகாகப் பொருந்தியது. ஆற்றோரத்துக் கனத்த காற்றே நோய் என்றார். அவருடைய எண்களில் பிழை இல்லை. பள்ளத்தில் இருந்தவர்கள் குடித்த தண்ணீரும் மோசமான தண்ணீர் என்பதுதான் அவர் கணக்கில் வராத செய்தி. கணக்கு பொருந்திவிட்டால் காரணமும் பொருந்திவிட்டது என்று நினைப்பது படித்தவர்களுக்கே உரிய சறுக்கல். இந்த அரங்கில் புள்ளியியல் படிக்கிறவர்கள் இருந்தால், ஃபார் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஊர் ஒரு விலையும் கொடுத்தது. நாற்றமே நோய் என்று எண்ணியதால் வீட்டுக் கழிவுக்குழிகளை ஒழித்து, மலத்தையெல்லாம் சாக்கடை வழியே தேம்ஸில் கலக்கவிட்டார்கள். அந்த ஆற்றிலிருந்துதான் குடிநீர்க் கம்பெனிகள் தண்ணீர் எடுத்தன.

ஸ்நோவின் சந்தேகம் நோயின் தன்மையிலிருந்து பிறந்தது. காலரா குடலில் தொடங்குகிறது. நச்சுக்காற்று காரணம் என்றால் நுரையீரல் அல்லவா முதலில் பாதிக்கப்பட வேண்டும்? அவர் மயக்க மருந்து கொடுப்பதில் வல்லவர். 1853இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவர். வாயு உடலுக்குள் போனால் என்ன செய்யும் என்பது அவருக்குக் கைவந்த பாடம். 1849லேயே, நோயாளியின் கழிவு கலந்த தண்ணீரால் இது பரவுகிறது என்று சிறு நூல் எழுதிவிட்டார். ஆக, சோஹோவுக்கு அவர் திறந்த மனதோடு போகவில்லை. ஒரு கருத்தோடுதான் போனார். கருத்தே இல்லாமல் யாரும் எதையும் ஆராய்வதில்லை. போன இடத்தில் அந்தக் கருத்தை எப்படி நடத்தினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 2ஆம் தேதியோடு முடிந்த வாரத்தில் அந்தப் பகுதியில் பதிவான 83 காலராச் சாவுகளின் பட்டியலைப் பதிவகத்தில் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பெரும்பாலான வீடுகள் பிராட் தெருப் பம்புக்குப் பக்கத்தில் இருந்தன. நம்மில் பலர் அங்கேயே நிறுத்தியிருப்போம். ஸ்நோ, வேறு பம்புக்குப் பக்கத்தில் இருந்த பத்து வீட்டுச் சாவுகளைத் தேடிப் போனார். தன் கருத்தை உடைக்கக்கூடியவை அந்தப் பத்துதான். அவற்றில் ஐந்து குடும்பங்கள், பக்கத்துப் பம்பு பிடிக்காமல் பிராட் தெருத் தண்ணீரையே ஆள் அனுப்பி எடுத்துவரச் சொல்லும் பழக்கமுடையவை. மூன்று பேர் அந்தப் பம்பருகே பள்ளிக்குப் போன குழந்தைகள். மீதி இரண்டு. அந்த இரண்டையும் அவர் எப்படியாவது தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்க்கவில்லை. இந்தத் திடீர் வெடிப்புக்கு முன்பே ஊரில் அங்கங்கே நடந்துகொண்டிருந்த சாவுகளின் அளவுதான் அது என்று எழுதினார்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் உச்சம். சாகாதவர்கள் யார்?

போலண்டு தெருவில் ஏழைகளுக்கான விடுதி ஒன்று இருந்தது. 535 பேர் அடைந்து கிடந்த இடம். சுற்றிலும் வீட்டுக்கு வீடு சாவு. விடுதியில் இறந்தவர்கள் ஐந்தே பேர். காற்றுதான் காரணம் என்றால் அந்தக் காற்று விடுதிச் சுவரைத் தாண்டவில்லையா? விசாரித்தால், விடுதிக்கென்று தனிக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே பீர் வடிக்கும் ஆலை ஒன்று. வேலையாட்கள் எழுபது பேருக்கு மேல். காலராவால் ஒருவரும் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது, ஆலைக்குள் கிணறும் இருந்தது. தெருப் பம்பின் பக்கமே அவர்கள் போவதில்லை. அதே தெருவில் துப்பாக்கித் தோட்டாவுக்கான வெடிமூடி செய்யும் தொழிற்சாலையில் தொழிலாளிகள் குடிக்க இரண்டு தொட்டிகளில் பம்புத் தண்ணீர் வைத்திருந்தார்கள். அங்கே 18 பேர் போய்விட்டார்கள்.

அந்தத் தொழிற்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, சில மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் குடியிருந்தார். நல்ல காற்று வீசும் இடம். மாதக்கணக்கில் சோஹோ பக்கமே அவர் வரவில்லை. ஆனால் பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் ஒரு பாட்டில் தருவித்துக் குடித்து வந்தார். அவரும் இறந்தார், பார்க்க வந்து அந்தத் தண்ணீரைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் தன் ஊருக்குத் திரும்பிப் போய் இறந்தார். ஹாம்ப்ஸ்டெட்டிலும் அந்தப் பெண்ணின் ஊரிலும் அப்போது காலரா இல்லை.

இத்தனைக்குப் பிறகும் அரசின் அறிவியல் குழு ஸ்நோவின் முடிவை ஏற்கவில்லை. ஹாம்ப்ஸ்டெட் சாவுக்கு அவர்கள் சொன்ன விளக்கத்தைக் கவனியுங்கள். காற்றிலுள்ள ஏதோ ஒரு சக்தி அழுக்குகளை நஞ்சாக மாற்றுகிறது. அந்தக் காற்று பிராட் தெருத் தண்ணீரிலிருந்த அழுக்கையும் நஞ்சாக்கியிருக்கலாம் என்றார்கள். தண்ணீரால் செத்தாலும் காற்றுதான் காரணம்! அந்தக் குழு உழைக்கவில்லை என்று சொல்ல முடியாது. வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம் என்று அட்டவணை அட்டவணையாகத் திரட்டினார்கள். எது கண்ணில் பட்டால் தங்கள் கருத்தைக் கைவிடுவோம் என்று மட்டும் அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அந்த மூதாட்டியின் பாட்டிலே போதும்.

தென் லண்டனில் ஸ்நோ செய்த இன்னொரு ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரே தெருவில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகளின் குழாய்கள் அடுத்தடுத்த வீடுகளுக்குப் போயின. லாம்பெத் கம்பெனி 1852இல் தன் உறிஞ்சு நிலையத்தை ஊருக்கு மேலே, சுத்தமான நீரோட்டத்துக்கு மாற்றிவிட்டது. சதர்க்–வாக்ஸால் கம்பெனி சாக்கடை கலக்கும் இடத்திலேயே எடுத்தது. 1854 கொள்ளைநோயின் முதல் ஏழு வாரத்தில் சதர்க்–வாக்ஸால் தண்ணீர் போன வீடுகளில் பத்தாயிரம் வீட்டுக்கு 315 சாவு. லாம்பெத் வீடுகளில் 37. ஒரே காற்று, ஒரே தெரு, ஏழைகளும் பணக்காரர்களும் இரண்டிலும் கலந்தே இருந்தார்கள். எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று பல வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. ஸ்நோ தண்ணீரில் உப்பின் அளவைச் சோதித்துத் தெரிந்துகொண்டார். ஆய்வு முறை பற்றிப் படிக்க விரும்பும் மாணவர்கள் இதை மூல நூலிலேயே தேடிப் படிக்க வேண்டும்.

இனி, நாம் சொல்லித் தராத பாதி. அதன் நாயகர் ஹென்றி வைட்ஹெட். பெர்விக் தெருவிலிருந்த புனித லூக்கா தேவாலயத்தின் உதவிப் பாதிரியார், நோய் வெடித்தபோது வயது 28. செத்தவர்களில் பலரைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியவர். கொள்ளைநோய் நாட்களில் படுக்கையருகே உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பம்புத் தண்ணீர்தான் காரணம் என்று ஸ்நோ சொன்னபோது வைட்ஹெட் நம்பவில்லை. அந்தத் தண்ணீரை நிறையக் குடித்துப் பிழைத்தவர்களை அவருக்கே தெரியும். இன்னும் கொஞ்சம் விசாரித்தால் இந்தக் கருத்து விழுந்துவிடும் என்று நினைத்தார். ஸ்நோவுக்கு ஒரு கூர்மையான மறுப்பும் எழுதினார். நோயாளிகளின் கழிவு கிணற்றில் கலந்ததுதான் காரணம் என்றால், நோயாளிகள் பெருகப் பெருகக் கிணறு இன்னும் மோசமாகியிருக்க வேண்டுமே, கைப்பிடியைக் கழற்றும் முன்பே நோய் எப்படித் தணிந்தது என்று கேட்டார். நல்ல கேள்வி. ஸ்நோவிடம் அதற்கு முழுமையான பதில் இல்லை.

திருச்சபை வட்டாரத்தின் விசாரணைக் குழுவில் இருவருமே இடம்பெற்றார்கள். வைட்ஹெட் தெருவில் இறங்கினார். ஒரே வீட்டுக்கு நான்கு தடவை, ஐந்து தடவை போனார். ஊரைவிட்டுப் போனவர்களையும் தேடிப் பிடித்தார். ஸ்நோ இறந்தவர்களின் பட்டியலோடு தொடங்கியவர். வைட்ஹெட்டோ குடித்தும் நோய் வராதவர், குடிக்காமல் நோய் வந்தவர் என்று எல்லோரையும் கணக்கில் எடுத்தார். பலர் முதலில் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே இல்லை என்றார்கள். திரும்பத் திரும்பக் கேட்டபோது, வீட்டுப் பிள்ளை எடுத்து வந்து கொடுத்தது நினைவுக்கு வந்தது. கணக்கு சேரச் சேர, அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாகப் போயிற்று. குடித்தவர்களில் பாதிக்கு மேல் நோய் கண்டிருந்தது. குடிக்காதவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. வேண்டா வெறுப்பாக, படிப்படியாக, அவர் ஸ்நோவின் பக்கம் வந்தார்.

அவருடைய பழைய கேள்வி அப்படியே இருந்தது. அதற்கும் விடையை அவரேதான் கண்டுபிடித்தார். 1855இல் சாவுப் பதிவேட்டை வேறு எதற்காகவோ புரட்டிக்கொண்டிருந்தபோது, பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கால் செப்டம்பர் 2ஆம் தேதி இறந்த பதிவு கண்ணில் பட்டது. நோய் கண்ட நாளைக் கணக்கிட்டால், ஊரில் காலரா வெடிப்பதற்கு முன்பே வருகிறது. பம்பு அந்த வீட்டு வாசலில் இருந்தது. வைட்ஹெட் உடனே தாயைப் போய்ப் பார்த்தார். குழந்தையின் துணிகளை வாளியில் அலசி, அந்தத் தண்ணீரை வீட்டு முகப்பிலிருந்த கழிவுக்குழியில் ஊற்றியதாக அந்தத் தாய் சொன்னார். குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். கிணற்றுக்கும் அதற்கும் இடையில் மூன்று அடிகூட இல்லை. செங்கல் கட்டு இற்றுப்போய், கழிவு கிணற்றுக்குள் கசிந்திருந்தது.

குழந்தை இறந்ததும் வாளித் தண்ணீர் நின்றது. கிணறு மெல்லத் தெளிந்தது. நோய் ஏன் தானே தணிந்தது என்ற கேள்விக்கு விடை அதுதான். இன்னொன்றும் தெரியவந்தது. அதே வீட்டில் குழந்தையின் தகப்பனுக்குக் காலரா கண்டது செப்டம்பர் 8 அன்று. மறுபடியும் அந்தக் குழியில் வாளித் தண்ணீர் விழத் தொடங்கியது. அன்றைக்குத்தான் கைப்பிடியைக் கழற்றினார்கள். முதல் அலையைக் கைப்பிடி நிறுத்தவில்லை. இரண்டாவது அலை கிளம்பாமல் தடுத்தது என்று சொல்ல இடமிருக்கிறது. இது ஸ்நோவுக்கே அகப்படாத செய்தி. அவரை மறுக்கப் புறப்பட்டவர் கொண்டுவந்து கொடுத்தது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். விமர்சனச் சிந்தனையை ஒரு தனிமனிதரின் மூளைக்குள் இருக்கும் திறமையாகவே பேசிப் பழகிவிட்டோம். எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் தன் கருத்தின் ஓட்டையைத் தானே காண்பது மிகக் கடினம். ஸ்நோவின் வாதத்திலிருந்த ஓட்டையை வைட்ஹெட் கண்டார். அதைச் சுட்டிக்காட்டியதோடு நிற்காமல், வீடு வீடாக நடந்து, கிடைத்த விடைக்குத் தலைவணங்கினார். எதிர்த் தரப்பில் இப்படி ஒருவர் இல்லையென்றால் ஸ்நோவின் வாதம் அரைகுறையாகவே நின்றிருக்கும்.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. மணிமேகலையின் 29ஆம் காதை, வாதத்தின் உறுப்புகள் எவை, எந்தெந்த வகையில் அவை போலியாகும் என்று வகைப்படுத்திச் சொல்கிறது. இலக்கிய வகுப்புகளில் அந்தக் காதையைத் தாண்டிப் போய்விடுவது பெரும் இழப்பு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகளாக அமைந்த நூல். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னால்தான் வருகிறது. முதலில் வருவது பரபக்கம்: உலோகாயதர் தொடங்கிப் பிற கொள்கையினர் ஒவ்வொருவரின் வாதத்தையும் எடுத்துச் சொல்லி, பிறகு மறுப்பது. மறுக்கத்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு மறுத்தார். இன்று நம்மில் எத்தனை பேரால், நமக்குப் பிடிக்காத கட்சியின் நிலைப்பாட்டை, அந்தக் கட்சிக்காரரே ஆமாம் என்று சொல்லும்படி எடுத்துச் சொல்ல முடியும்? பட்டிமன்றங்களை நான் விரும்பிக் கேட்பவன். ஆனால் அங்கே அணி முன்பே ஒதுக்கப்படுகிறது. எதிரணியின் வாதம் வலுவாக இருந்தது என்பதற்காக யாரும் இடம் மாறி உட்காருவதில்லை. அந்தப் பழக்கம் மேடையோடு நின்றால் குற்றமில்லை. குடும்பத்துக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் சட்டமன்றத்துக்குள்ளும் அதே பழக்கம் வந்துவிட்டது என்பதுதான் கவலை.

நடைமுறையில் என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்பீர்கள். சாகாதவர்கள் யார் என்ற அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிவு வந்த மறுநாள் நாளிதழில் பயிற்சி மையங்களின் முழுப்பக்க விளம்பரம் வருகிறது. முதலிடம் பெற்றவர்களின் படங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த மையத்தில் மொத்தம் எத்தனை பேர் பணம் கட்டினார்கள், படம் வராதவர்கள் எத்தனை பேர்? ஒரு கஷாயம் குடித்துக் குணமானதாகப் பத்துப் பேர் சொல்கிறார்கள். குடித்தும் குணமாகாதவர்களை யார் பேட்டி எடுத்தார்கள், குடிக்காமலே குணமானவர்கள் எத்தனை பேர்? ஒரு சோதிடர் சொன்னது பலித்தது. பலிக்காமல் போனவற்றை யார் எழுதி வைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பட்டம் வேண்டாம். பணம் கட்டும் முன் இதைக் கேட்டிருந்தால் பிழைத்திருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம்.

கருத்தை மாற்றிக்கொள்வது பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்நோ 1858 ஜூன் மாதம் இறந்துபோனார், வயது 45. தன் கருத்து வென்றதை அவர் பார்க்கவில்லை. 1866இல் கிழக்கு லண்டனில் மீண்டும் காலரா வந்தது. உயரத்தையும் காற்றையும் வைத்துக் கணக்குப் போட்ட அதே வில்லியம் ஃபார்தான் இம்முறை தண்ணீர்க் கம்பெனியின் பக்கம் விரலை நீட்டினார். 1854லேயே, தனக்கு உடன்பாடில்லாத போதும், ஸ்நோ கேட்ட முகவரிகளைக் கொடுத்தவர் அவர். சாவுப் பதிவின்போது எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று குறிக்கச் சொன்னவரும் அவர். அந்தக் குறிப்புகளே கடைசியில் அவருடைய பழைய கருத்தை வீழ்த்தின. ஃபாருக்கு அதனால் மதிப்புக் குறையவில்லை. புள்ளியியல் வரலாற்றில் அவருக்குப் பெரிய இடம் இருக்கிறது. நம் நாட்டில் ஓர் அதிகாரியோ பேராசிரியரோ பத்திரிகையாளரோ கருத்தை மாற்றிக்கொண்டால் அன்று மாலையே அவருடைய பழைய பேச்சை எடுத்துப் போட்டுக் கேலி செய்கிறோம். அப்படிச் செய்யும் சமூகத்தில் யாரும் மனம் மாற முன்வர மாட்டார்கள். ஃபார் எடுத்துக்கொண்டது பன்னிரண்டு ஆண்டுகள். அந்த அவகாசத்தையும் மரியாதையையும் நாம் ஒருவருக்கொருவர் தர வேண்டும்.

இந்த அரங்கில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த பருவத் தேர்வின் வினாத்தாளில், எந்தப் பாடமாக இருந்தாலும், ஒரு கேள்வியாவது இப்படி இருக்கட்டும்: “இந்தப் பாடத்தில் நீ ஏற்றுக்கொண்ட ஒரு கருத்தை எழுது, எந்தச் செய்தி தெரியவந்தால் அது தவறு என்று ஒப்புக்கொள்வாய் என்பதையும் எழுது.” விடைத்தாளைத் திருத்தும்போது முதல் பாதிக்குக் குறைவாகவும் இரண்டாம் பாதிக்கு அதிகமாகவும் மதிப்பெண் கொடுங்கள். பாடத்திட்டக் குழுவின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வகுப்பின் உள்மதிப்பீட்டுத் தேர்விலேயே இதைத் தொடங்கிவிடலாம்.